அரைகுறை ஈயும் ஆறு நாற்காலியும்

நேரில் பார்த்தே இராத மீனை ஏமாற்ற, நேரில் பார்த்தே இராத பூச்சியை, நேரில் பார்த்தே இராத ஊர்க்காரர்களுக்குக் கட்டிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில்.

புரியவில்லையா? சேர்ந்த புதிதில் எனக்கும் புரியவில்லை. குளிர் நாடுகளில் ட்ரௌட் என்று ஒரு மீன் உண்டு. மண்புழு மாட்டி அதைப் பிடிப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற தூண்டில்காரர்கள் அங்கே நிறைய. நூலையும் இறகையும் தூண்டில் முள்ளின் மேல் கட்டி, ஈ மாதிரி செய்து, அதைத் தண்ணீரில் போட்டுத்தான் பிடிப்பார்கள். அந்தப் பொய் ஈ, ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி போகிற சாலையில், ரோஜாத் தோட்டத்துக் கூடாரங்களுக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் தயாராகிறது. நான் அங்கே செக்கர். கட்டி முடித்த ஈயைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, ஒரு டப் தண்ணீரில் போட்டுப் பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்கிறவள். கண்ணையும் இடுப்பையும் அடகு வைத்துப் பொடி வேலை செய்கிற என் சக ஜீவன்களே, வாட்ச் ரிப்பேர்காரர்களே, சர்க்யூட் போர்டில் ஈயப் பற்று வைக்கிறவர்களே, இது உங்களுக்காகத்தான்.

வீட்டுக்கார அம்மா

நானும் என் கணவரும் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவர்கள். அவர் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறார். இப்போது குடியிருக்கிற வீட்டைப் பார்க்கப் போனபோது வீட்டுக்கார அம்மா எங்களை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார். அந்த அம்மா தெலுங்கில் ஆரம்பிப்பார், கன்னடத்தில் சந்தேகப்படுவார், தமிழில் தீர்ப்புச் சொல்வார். கணவரின் கம்பெனிப் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "நீ எங்கம்மா?" என்றார். "ஈ கட்டற கம்பெனிங்கம்மா" என்றேன். நான் கிண்டல் செய்கிறேனோ என்று என் கணவரின் முகத்தைப் பார்த்தார்.

வாயால் சொல்லி இதைப் புரிய வைக்க முடியாது என்பது எனக்கு ஏற்கெனவே பாடம். பர்ஸில் வைத்திருந்த ஒரு ஈயை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அடுத்த விநாடி அந்த அம்மா முந்தானையால் ஒரே விசிறு. ஈ எங்கோ பறந்து போய் விழுந்தது. அதில் முள் இருக்கிறதே! செருப்பில்லாத கால்கள் நடமாடுகிற வராந்தாவில் நாங்கள் மூன்று பேரும் குனிந்து தேடினோம். கோலப்பொடி டப்பாவுக்குப் பின்னால் கிடைத்தது. என் வேலைக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் அந்த விசிறுதான் என்று நான் பூரித்துக்கொண்டிருக்க, அந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து சொன்னார்:

"ஈ ஓட்டறதுக்குத்தான் கடையில ஆளு ஒக்காந்து இருப்பாங்க. கட்டறதுக்குமா ஒக்கார வெச்சு சம்பளம் குடுக்கறாங்க?"

நாற்காலி

அந்த அம்மா தெரியாமலே விஷயத்தைப் பிடித்துவிட்டார். ஓசூரில் வேலைக்குப் பஞ்சமில்லை, நாற்காலிக்குத்தான் பஞ்சம். லைன் என்றால் நிற்க வேண்டும். ஷிப்ட் முழுக்க நின்று, பஸ்ஸுக்கு நின்று, பஸ்ஸிலும் நின்று, வீட்டுக்கு வந்து அடுப்படியிலும் நிற்க வேண்டும். நானும் சில வருஷம் அப்படி நின்றவள்தான். ஷம்ஷாத் என்னை விட அதிகமாக நின்றவள். கிருஷ்ணகிரிப் பெண். ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காண்டிராக்டில் நின்று நின்று அவள் கெண்டைக்கால் நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு புடைத்துவிட்டது. இனிமேல் நிற்கிற வேலை கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிற்காத வேலை எங்கே இருக்கிறது என்று டாக்டர் சொல்லவில்லை.

எங்கள் ஷெட்டில் இருந்தது. எங்கள் மேஜையில் கட்டுகிறவர்களுக்கு ஆறு நாற்காலி, டப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல். பிளாஸ்டிக் நாற்காலிதான், ஒன்றுக்குக் கைப்பிடி உடைந்திருக்கும். முதல் நாள் ஷம்ஷாத் அதில் உட்கார்ந்தாள், முதுகைச் சாய்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். நூலைத் தொடவில்லை. எங்கள் முதலாளி மூர்த்தி சார் பெங்களூர்க்காரர், கன்னடம் கலந்த தமிழ். அவள் மயங்கிவிட்டாள் என்று பயந்து ஓடி வந்து, "ஏனம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். ஷம்ஷாத் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"ஒரு நிமிசம் சார். ஒக்காந்துக்கினு இருக்கேன்."

அரைகுறை

மற்ற மேஜைகளில் மூழ்குகிற பூச்சி கட்டுவார்கள், மிதக்கிற ஈ கட்டுவார்கள். எங்கள் மேஜையில் கட்டுவது இரண்டிலும் சேராதது. எமர்ஜர் என்று பெயர். மூர்த்தி சார் அதை ஒரு குடம் தண்ணீரை வைத்து விளக்கினார். ஆற்றின் அடியில் புழு மாதிரி கிடக்கிற பூச்சி, நாள் வந்ததும் மேலே வரும். தண்ணீரின் மேல்பரப்பைத் தொட்டதும் பழைய தோலைக் கிழித்துக்கொண்டு சிறகை வெளியே இழுக்கும். அந்தக் கொஞ்ச நேரம் அதனால் நீந்தவும் முடியாது, பறக்கவும் முடியாது. உடம்பு தண்ணீருக்குள்ளே, சிறகு வெளியே, கிழிந்த தோல் பின்னால் தொங்கும். ட்ரௌட்டுக்கு அந்த நேரத்துப் பூச்சிதான் அல்வா. நாங்கள் கட்டுவது அந்த நேரத்தைத்தான்.

எங்கள் மேஜையில் மூத்தவர் லட்சுமம்மா. பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர், கார்மெண்ட்ஸில் பல வருஷம் இருந்தவர். எல்லாவற்றுக்கும் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர். சார் விளக்கி முடித்ததுமே எமர்ஜருக்கு 'அரைகுறை' என்று பெயர் வைத்துவிட்டார். இன்று வரை எங்கள் மேஜைக்கு அதுதான் பெயர். ஷம்ஷாத் மட்டும் சிரிக்காமல் குடத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"துணி மாத்திக்கினு இருக்கும்போது கதவத் தெறந்துட்ட மாதிரி. பாவம் சார் அந்தப் பூச்சி."

பிசிறு

வேலை இப்படி. முள்ளை வைஸ் என்கிற சின்ன இடுக்கியில் கவ்வ வைத்து, நூலைச் சுற்றி, முயல் முடியைத் திரித்து உடம்பாக்கி, மெல்லிய செம்புக் கம்பியை மேலே ஓட்டி, கிழிந்த தோலுக்காக மினுங்குகிற இழை கொஞ்சம் பின்னால் விட்டு, சிறகுக்கு வாத்து இறகு வைத்து முடிச்சுப் போட வேண்டும். முழு ஈயும் ஒரு உளுந்தம்பருப்பு அளவு. எங்கள் ஆறு பேரும் ஓசூரின் நல்ல நல்ல கம்பெனிகளில் கற்றுத் தேர்ந்தவர்கள். துருத்திக்கொண்டிருந்தது எதையும் விட்டு வைக்கவில்லை. கத்தரித்தார்கள், நீவினார்கள், பளபளவென்று வார்னிஷ் வைத்தார்கள். கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தன ஈக்கள். நான் ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை.

எங்கள் சரக்கை வாங்குகிறவர் பீட்டர் என்று ஒரு வெள்ளைக்காரர். முதல் சாம்பிள் போய்ச் சேர்ந்ததும் வீடியோவில் வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். இத்தனை அழகான எமர்ஜரைத் தான் பார்த்ததே இல்லை என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டோம். ஆனால், அப்போதுதான் தோலைக் கிழித்துக்கொண்டு வருகிற பூச்சி இப்படிச் சீவிச் சிங்காரித்துக்கொண்டு வராது, எந்த மீனும் இதை நம்பாது என்றார். இன்னொரு சாம்பிள் பார்ப்பதாகவும், அதுவும் சரிப்படாவிட்டால் எமர்ஜரை வேறு நாட்டில் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். அவர் போனதும் மூர்த்தி சார் மென்று விழுங்கி மீதியைச் சொன்னார். அந்த ஆர்டர் போனால் இந்த மேஜையை எடுத்துவிட வேண்டியதுதான், மற்ற மேஜைகளில் இடமில்லை.

ஆறு நாற்காலியும் காலி என்று அர்த்தம். ஷம்ஷாத்தின் பழைய காண்டிராக்டர் அவளை இன்னும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், நிற்கிற வேலைக்குத்தான். அவள் மேஜைக்கு அடியில் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டாள். லட்சுமம்மாதான் கத்தரிக்கோலைத் தூக்கி டப்பாவில் போட்டுவிட்டுப் பொருமினார்:

"கார்மெண்ட்ஸ்ல பிசிறு இருந்தா திட்டுவாங்க. இங்க பிசிறு இல்லன்னு திட்டறாங்க. நான் எந்த ஊருக்குத்தான் போறது?"

வாத்தின் பின்பக்கம்

சிறகுக்கு எந்த வாத்து இறகும் ஆகாது. வாலுக்கு மேலே ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வாத்து அலகால் அந்த எண்ணெயைத் தொட்டுத்தான் உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. அந்தச் சுரப்பியைச் சுற்றி முளைக்கிற பூ மாதிரியான சின்ன இறகு, எண்ணெயில் ஊறியே வளர்வதால் தண்ணீரில் அமுங்காது. ஒரு வாத்துக்கு ஒரு சிட்டிகைதான் தேறும். எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற இறகுப் பார்சல், சரியாக அந்தச் சமயம் பார்த்துத் துறைமுகத்தில் எங்கேயோ மாட்டிக்கொண்டது.

"எங்க மச்சானக் கேக்கலாமா சார்?" என்றாள் ஷம்ஷாத். அவள் அக்கா வீட்டுக்காரர் நவாஸ் பாய் குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரம் கறிக்கோழிக் கடை வைத்திருப்பவர். சந்தை நாளில் குந்தாரப்பள்ளிக்குப் போய்க் கோழி, வாத்து பிடித்து வருவார். மூர்த்தி சாரும் நானும் ஷம்ஷாத்தும் சந்தைக்கே போய் அவரைப் பிடித்தோம். மாடுகளுக்கும் கயிற்றுக் கடைகளுக்கும் நடுவே, சார் ஒரு வாத்தைக் கவிழ்த்துப் பிடித்து அதன் பின்பக்கத்தைத் தன் பேனாவால் சுட்டிக் காட்டி விளக்கினார். மாடு வாங்க வந்தவர்கள் மாட்டை விட்டுவிட்டு எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். வாத்து சும்மா இருக்கவில்லை, சாரின் சட்டையைப் பாழாக்கியது. நவாஸ் பாய் மிகுந்த மரியாதையோடு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஷம்ஷாத்தைத் தனியாகக் கூப்பிட்டு, எங்களுக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்:

"கறி வோணாம், முட்டை வோணாம், அந்த எடத்து எறகு மட்டும் வோணும்ன்றாரு. உங்க மொதலாளி நல்ல மனுசன்தானேம்மா?"

மூழ்கிய ஈ

இறகு வந்தது. வெள்ளை வெளேரென்று, பஞ்சு மாதிரி. இவ்வளவு சுத்தமான சரக்கை வெளிநாட்டுப் பார்சலில்கூட நாங்கள் பார்த்ததில்லை. இந்த முறை பிசிறு வேண்டும் என்பதால் ஆறு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு பிசிறோடு கட்டினார்கள். லட்சுமம்மாவின் கை தன்னால் கத்தரிக்கோலைத் தேடிப் போகும், பக்கத்தில் இருப்பவள் தட்டிவிடுவாள். முதல் ஈயை நான் டப்பில் போட்டேன். ஒரு கணம் நின்றது. பிறகு கூழாங்கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

டப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, முதல் சாம்பிளைத் தள்ளிய பிறகு பீட்டர் மாதிரிக்கு அனுப்பியிருந்த அவருடைய சொந்த ஈயை எடுத்துப் போட்டேன். எப்போதும் ஜம்மென்று மிதக்கிற ஈ அது. அதுவும் மூழ்கியது! அப்படியானால் தண்ணீர்தான் குற்றவாளி. போர்த் தண்ணீர் உப்பு என்று லட்சுமம்மா அடித்துச் சொன்னார். டப்பைக் கழுவிக் கேன் தண்ணீர் நிரப்பினோம். பீட்டரின் ஈயை அலசிக் காய வைத்துப் போட்டால் அழகாக மிதந்தது. கை தட்டினோம். தைரியமாக எங்கள் ஈயைப் பக்கத்தில் விட்டோம். எங்களுடையது மூழ்கியது. இரண்டாவது, மூன்றாவது போட்டதும், மிதந்துகொண்டிருந்த பீட்டரின் ஈயும் மெல்லச் சாய்ந்து எங்கள் கண் முன்னாலேயே கீழே போனது. லட்சுமம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்:

"லைன்ல ஒருத்தி வேலைய விட்டா கூடவே பத்து பேரு விட்டுப் போவாளுங்களே, அந்த மாதிரி இருக்குது தேவுடா!"

மல்லிகை வாசம்

மதியச் சாப்பாட்டு நேரம். ஷம்ஷாத் இறகுப் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதற்கென்று தெரியாமலே முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். என்னிடம் நீட்டினாள். வாத்து வாடை வர வேண்டிய இடத்தில் மல்லிகைப்பூ வாசம் கும்மென்று வந்தது. உடனே நவாஸ் பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "மச்சான், எறகக் கழுவினீங்களா?" அந்தப் பக்கம் குரலில் பெருமை வழிந்தது. ஷாம்பு போட்டு இரண்டு தடவை அலசினாராம். அப்புறம் துணிக்குப் போடுகிற வாசனைத் தண்ணீரில் முக்கினாராம். மாடியில் வெள்ளைத் துப்பட்டா விரித்து, காற்றில் பறக்காமல் மேலே வலை போட்டுக் காய வைத்தாராம். இரண்டு நாள் அக்காவை மாடிக்கே வர விடவில்லையாம்.

மூர்த்தி சார் தலையில் கை வைத்துக்கொண்டு எங்களுக்கு விளங்க வைத்தார். ஷாம்பு இறகின் எண்ணெயை எடுத்துவிட்டது. இறகில் தங்கிய மிச்ச ஷாம்பு தண்ணீரில் கரைந்து, பூச்சியைத் தாங்குகிற மேல்பரப்பையே கெடுத்துவிட்டது. பீட்டரின் ஈ அதனால்தான் மூழ்கியது. ஷம்ஷாத் அதைத் தன் மச்சானுக்குச் சொன்னாள். இது சரியாக வராவிட்டால் மேஜை போய்விடும், தான் மறுபடி லைனில் போய் நிற்க வேண்டியதுதான் என்பதையும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கேட்க முடியவில்லை. லாரிச் சத்தத்துக்கு நடுவே நவாஸ் பாய் எங்கள் எல்லோருக்குமாகச் சொன்னார்:

"எங்க கொழுந்தியா நாள் பூரா கையில புடிக்கிற பொருளும்மா அது. நாத்தத்தோட எப்பிடிக் குடுக்கறது?"

நாற்றம்

மறு சந்தையில் பிடித்த வாத்துகளின் இறகு கழுவாமல், துடைக்காமல், அதன் சகல மணத்தோடும் வந்து சேர்ந்தது. அந்த வாரம் எங்கள் மேஜைப் பக்கம் யாரும் வரவில்லை. டீ கொண்டுவருகிறவர்கூட டீயைத் தூரத்தில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார். ஈ மிதந்தது. போட்டதெல்லாம் மிதந்தது. நான் பார்த்துப் பார்த்துச் சரி போட்டேன். அப்போது மூர்த்தி சார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பீட்டர் இந்தியாவுக்கு வருகிறாராம். ஊட்டிக்கு மேலே ஒரு ஓடையில் ட்ரௌட் இருக்கிறதாம். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீனின் வாரிசுகள். அனுமதிச் சீட்டு வாங்கி, எங்கள் சாம்பிளை அங்கே மீனிடமே காட்டி முடிவு செய்யப் போகிறாராம். கட்டுகிறவர்களில் ஒருவரையும் செக்கரையும் கூட்டி வரச் சொன்னாராம்.

ஷம்ஷாத்தும் நானும் போவதென்று ஆனது. லட்சுமம்மாவுக்கு மலைப்பாதை என்றாலே வாந்தி. ஷம்ஷாத் வீட்டில் அவளைத் தனியாக அனுப்பத் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் ஒரு போனில் தீர்ந்தது. கோழிக் கூண்டுகளை இறக்கி, கழுவி, சீட்டுக்குப் புது உறை போட்ட ஆம்னி வேனோடு நவாஸ் பாய் ஷெட் வாசலில் வந்து நின்றார். மூர்த்தி சார் தன் காரிலேயே எல்லோரும் போகலாமே என்றார். நவாஸ் பாய் கேட்கவில்லை:

"எங்க வாத்து எறகத் தின்னுட்டு ஏமாற மீனு எப்பிடி இக்குதுன்னு நான் பாக்கணும் சார்."

ஓடை

முதல் நாளே கிளம்பிக் கோத்தகிரியில் மூர்த்தி சாரின் தங்கை வீட்டில் தங்கினோம். காலையில் ஓடைக்குப் போனோம். முழங்கால் ஆழம்கூட இல்லாத, கண்ணாடி மாதிரித் தண்ணீர். எனக்கு அது ஓடையாகத் தெரியவில்லை, என் டப் மலை உச்சி வரை நீண்டு போய்விட்டதாகத் தோன்றியது. தண்ணீரின் மேல் அங்கங்கே சின்னச் சின்ன வட்டங்கள் விழுந்தன. பீட்டர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். மீன் மேலே வந்து பூச்சி தின்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால், நிஜமாகவே பாதி உடம்பு உள்ளேயும் பாதி சிறகு வெளியேயுமாக ஒரு பூச்சி மிதந்து போனது. மாதக்கணக்காகப் பூதக்கண்ணாடியில் பார்த்த பூச்சியை அன்றுதான் உயிரோடு பார்க்கிறேன். சொந்தக்காரரை அந்நிய ஊரில் பார்த்த மாதிரி சந்தோஷமாக இருந்தது.

பீட்டர் ஷம்ஷாத் கட்டிய ஈயை மாட்டி வீசினார். மீன் வந்தது, முகர்ந்தது, திரும்பிப் போனது. இன்னொன்று வந்தது, பார்த்தது, போனது. வெயில் ஏறியது. எத்தனை தடவை வீசினாலும் அதே கதைதான். ஷம்ஷாத் ஒரு பாறையில் உட்கார்ந்து பர்தாவின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். பீட்டர் ஈயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிறகு அதிகம், படகு மாதிரி மேலேயே மிதக்கிறது, உடம்பு தண்ணீருக்குள் இறங்கவே இல்லை என்றார். அப்புறம்தான் உண்மை வெளியே வந்தது. போன தடவை மூழ்கிய பயத்தில் ஷம்ஷாத் ஒரு சிட்டிகை இறகு கூட வைத்திருக்கிறாள். லட்சுமம்மாவும் வைத்திருக்கிறார். ஆறு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். மூழ்கவில்லையே என்ற சந்தோஷத்தில் நானும் எல்லாவற்றையும் பாஸ் பண்ணியிருக்கிறேன். கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்று பீட்டர் ஈயை ஷம்ஷாத்திடமே நீட்டினார். அவள் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்துவிட்டுத் தயங்கி மூர்த்தி சாரைப் பார்த்தாள்:

"வெட்டட்டுமா சார்? போன தபா வெட்டினதுக்குத்தானே வோணாம்னாரு?"

மச்சான்!

அதை மூர்த்தி சார் மொழிபெயர்த்ததும் பீட்டர் வாய் விட்டுச் சிரித்தார். வெட்ட வேண்டாம், நகத்தால் கிள்ளி எடு என்று செய்து காட்டினார். கிள்ளினால்தான் நுனி பிசிறாக நிற்கும். ஷம்ஷாத் பூவில் பூச்சி எடுக்கிற மாதிரி ஒவ்வொரு இழையாகக் கிள்ளினாள். போதும் என்று பீட்டர் சொல்கிற வரை கிள்ளினாள். ஈயை மாட்டி வீசிவிட்டு, தூண்டில் கழியை அவர் அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். "எனக்குக் கட்டத்தான் சார் தெரியும்" என்றாள். பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்றார். நிற்காதே என்று டாக்டர் சொன்ன கால்கள் ஈரப் புல்லில் ஊன்றி நின்றன. ஈ மெல்ல மிதந்து வந்தது. சிறகு மட்டும் வெளியே தெரிந்தது, உடம்பு உள்ளே இறங்கியிருந்தது. டப்பில் நான் எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். ஆனால் அன்று சரி, சரியில்லை என்று சொல்ல வேண்டியது நான் இல்லை.

ஒரு மூக்கு மேலே வந்தது. சத்தமே இல்லை. ஈயைக் காணோம். கழி வில்லாக வளைந்தது. ஷம்ஷாத் அல்லாவைக் கூப்பிடவில்லை, பீட்டரைக் கூப்பிடவில்லை, "மச்சான்!" என்று மலையே அதிரக் கத்தினாள். நவாஸ் பாய் புது ஷூவோடு ஓடைக்குள் குதித்தார். அவர் குதித்த அதிர்ச்சியில் மீன் கரைப் பக்கமே ஓடி வர, பீட்டர் வலையைப் போட்டுத் தூக்கினார். முதுகில் கறுப்புப் புள்ளியும் விலாவில் இளஞ்சிவப்புக் கோடுமாக ஒரு முழம் மீன். உதட்டு ஓரத்தில் எங்கள் அரைகுறை. ஷம்ஷாத்துக்கும் எனக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. பீட்டர் முள்ளை நோகாமல் கழற்றினார். மீனைத் தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்திருந்தார். பிறகு கையை விரித்தார். மீன் போய்விட்டது. தண்ணீர் தெறித்து இடுப்பு வரை நனைந்து நின்ற நவாஸ் பாய் திகைத்துப் போய், மீன் போன பக்கத்தையும் பீட்டரின் வெறுங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்:

"இன்னாங்க இது! எத்தினி வாத்து, எத்தினி சந்த, எத்தினி மலை! புடிச்சத உட்டுட்டாரு?"

பூனை

அதன் பிறகு அன்று இன்னும் சில மீனைப் பிடித்துத் திரும்ப விட்டார்கள். ஒவ்வொரு தடவை விடும்போதும் நவாஸ் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புறப்படும்போது பீட்டர் அந்த முதல் ஈயை ஷம்ஷாத்திடம் திருப்பிக் கொடுத்தார். மீன் மென்றதில் முயல் முடி பிய்ந்து, செம்புக் கம்பி தளர்ந்து, இறகு சிலும்பிக்கொண்டு, பார்க்கச் சகிக்கவில்லை. ஆர்டர் உங்களுக்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனை, மீன் கடித்த பிறகு இது எப்படி இருக்கிறதோ அப்படியே கட்டித் தர வேண்டும் என்றார். மூர்த்தி சார் "ஆயித்து, ஆயித்து" என்று கன்னடத்திலேயே தலையாட்டினார்.

மறுநாள் அந்த ஈ எங்கள் மேஜையின் நடுவில் வைஸில் மாட்டப்பட்டது. ஆறு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஓசூரில் உள்ள எந்தச் செக்கரும் நூறடி தூரத்திலேயே ஒதுக்கித் தள்ளுகிற சரக்கு. அதைத்தான் இனி நான் பாஸ் பண்ண வேண்டும், அழகாக இருந்தால் ஒதுக்க வேண்டும். லட்சுமம்மா பூதக்கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தார். கார்மெண்ட்ஸில் கழித்த வருஷங்களெல்லாம் அவர் முகத்தில் வந்து போயின. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்:

"இதுக்கு எதுக்கு மலை ஏறி மீனத் தேடணும்? நல்லதாவே கட்டித் தரேன், எங்க வீட்டுப் பூனைகிட்டக் குடுங்க, கடிச்சுக் குடுக்கும்."

போன்

மேஜை இருக்கிறது. நாற்காலிகள் இருக்கின்றன. கைப்பிடி உடைந்ததை மட்டும் மாற்றினார்கள், அதில் இப்போது லட்சுமம்மா தன்னைத் தவிர யாரையும் உட்கார விடுவதில்லை. சந்தைக்குச் சந்தை இறகு வருகிறது, கழுவாமல். ஆனால் பாக்கெட்டை மட்டும் நவாஸ் பாய் வாசனைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துத்தான் அனுப்புகிறார். வெளியே மல்லிகை, உள்ளே வாத்து. அதையும் வேண்டாம் என்று சொல்ல எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை.

போன வாரம் ஷம்ஷாத்தின் போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். பழைய காண்டிராக்டர். புது லைன் ஓடப் போகிறதாம், அனுபவமுள்ள பெண்களைத் தேடுகிறார்களாம், எப்போது வருகிறாய் என்று கேட்டார். மேஜையே வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது. ஷம்ஷாத் முடிச்சை இழுத்து இறுக்கினாள். இறகில் கூடுதலாக இருந்த ஒரு இழையைக் கிள்ளிப் போட்டாள். ஈயை என் பக்கம் தள்ளிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் ஒக்காந்துட்டேண்ணா."

ஆகவே சக ஜீவன்களே, நாங்கள் ஓடையில் பார்த்துவிட்டு வந்த அந்த மீனும் அதன் ஜாதியும் எங்கள் அரைகுறையை நம்பி ஏமாறுகிற வரைக்கும், ஓசூரில் ஆறு பேருக்கு உட்கார இடம் உண்டு.